முதியோர் விழுதலும் இல்லத்தின் அமைப்பும்: மல்லேஸ்வரம் தரும் பாடம்

ஒரு நாட்டு மக்களின் சராசரி ஆயுள் உயர்வது அந்நாட்டின் வளர்ச்சியைக் காட்டும் அளவுகோல்களுள் முதன்மையானதாகும். ஆயுள் நீளும்போது, நீண்ட அந்த ஆண்டுகளை மக்கள் எவ்வாறு கழிக்கின்றனர் என்பதையும் திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடியே 38 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 8.6 சதவீதம். கருநாடகத்தில் இவ்விகிதம் 9.5 சதவீதமாகவும், தமிழ்நாட்டில் 10.4 சதவீதமாகவும் இருந்தது. அதன்பின் இவ்விகிதம் உயர்ந்தே வந்துள்ளது.

முதுமையில் வரும் இடர்களுள் பெரிதும் பேசப்படாதது கீழே விழுதல் ஆகும். இருதய நோய், நீரிழிவு, கண்புரை ஆகியவற்றை நோய்களாகக் கருதும் நாம், விழுவதை மட்டும் ‘வயதானால் வருவது’ என்றோ ‘காலக்கேடு’ என்றோ கூறி விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுவதனால் உயிரிழக்கின்றனர். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு விழுவோர் நிகழ்ச்சிகள் 3 கோடியே 73 லட்சம். மரணங்களுள் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டவை குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் நேர்பவை. உயிரிழப்போருள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

இவ்விடரின் காரணங்களுள் ஒரு பகுதி முதியவரின் உடலில் உள்ளது. மற்றொரு பகுதி அவர் வாழும் இல்லத்தில் உள்ளது. இரண்டாவது பகுதியைக் குறைந்த செலவில், சில நாட்களில் மாற்றிவிட இயலும். இதனைப் பெங்களூரு நகரின் மல்லேஸ்வரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளைநோய் கற்பித்த பாடம்

காடு மல்லேஸ்வரர் கோயிலின் பெயரைத் தாங்கிய இப்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிடப்பட்ட புறநகர். 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. பழைய பேட்டைப் பகுதியின் நெருக்கமான தெருக்களிலும் காற்றும் ஒளியும் புகாத வீடுகளிலும் அந்நோய் பரவியது. அதன் விளைவாக மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய புதிய விரிவாக்கப் பகுதிகளில் மக்கள் குடியேறினர். நேராக ஓடும் சாலைகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் ‘கிராஸ்’ தெருக்கள், வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென விடப்பட்ட சந்துகள், வீட்டைச் சுற்றி வெற்றிடம் ஆகியவை இப்பகுதியின் அமைப்பாயின.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நோய்க்கு மருந்து தேடுவதோடு அன்றைய நிருவாகம் நின்றுவிடவில்லை. மக்கள் வாழும் இடத்தின் அமைப்பே நோய்க்கு இடந்தருகிறது என்பதை உணர்ந்து, அவ்வமைப்பை மாற்ற முற்பட்டது. முதியோர் விழுதலுக்கும் இதே சிந்தனை பொருந்தும். இளங்குடும்பங்களின் நலனுக்காக அன்று எழுந்த பகுதியில் இன்று முதியோர் பலர் வாழ்கின்றனர். பிள்ளைகள் வேலையின் பொருட்டு வேறு நகரங்களிலும் வெளிநாடுகளிலும் இருக்க, கணவன் மனைவி இருவர் மட்டுமோ, ஒருவர் தனித்தோ வாழும் இல்லங்கள் இங்குக் குறைவல்ல. அவர்களுக்கேற்ப அவ்வில்லங்கள் மாறவேண்டியுள்ளது.

விழுதல் எவ்வாறு நிகழ்கிறது?

நிற்பதும் நடப்பதும் எளிய செயல்களாகத் தோன்றினும், கண், உட்செவி, பாதங்களின் தொடு உணர்வு, தசை, மூளை ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்குவதனாலேயே அவை நிகழ்கின்றன. வயது ஏற ஏற இவை ஒவ்வொன்றும் சிறிது தளர்கின்றன. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது. கால் தடுக்கும்போது இளைஞர் உடனே மறுகாலை முன்வைத்துச் சமாளித்துக்கொள்கிறார். முதியவருக்கு அவ்வேகம் இல்லை. படுக்கையிலிருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல்நிலை இரத்த அழுத்தம் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்குமாயின் தலைச்சுற்றல் ஏற்படக்கூடும். தூக்க மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மருந்துகளும் இந்நிலையை மிகுவிக்கும்.

அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் அவருடைய குழுவினரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 75 வயதைக் கடந்து தம் இல்லங்களில் வாழ்ந்துவந்தோரை ஓராண்டு கவனித்ததில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஒருமுறையேனும் விழுந்தார். இடர்க்காரணம் ஏதும் இல்லாதவர்களில் 8 சதவீதத்தினரே விழுந்தனர்; நான்கோ அதற்கு மேலோ காரணங்கள் உடையவர்களில் 78 சதவீதத்தினர் விழுந்தனர். பெரும்பாலும் பல சிறு காரணங்கள் ஒன்றுசேர்ந்தே ஒருவரை வீழ்த்துகின்றன என்பது இதனால் புலனாகும். ஆகவே அனைத்தையும் நீக்க இயலாவிடினும், ஒன்றிரண்டை நீக்கினாலே பயன் உண்டு.

மூவகை இல்லங்கள்

மல்லேஸ்வரத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் மூவகை இல்லங்களைக் காணலாம்.

முதல் வகை, முன்புறத்தில் மரச்சட்ட முகப்பும் திண்ணையும் கொண்ட பழைய தனி வீடு. மெருகேறிய சிவப்புச் சிமெண்டுத் தரை, அறைக்கு அறை உயர்ந்த நிலைப்படி, பின்கட்டில் துவைகல், கிணற்றடி, சற்றே தள்ளி அமைந்த கழிவறை ஆகியவை இதன் இயல்புகள். காய்ந்திருக்கும்போது பாதுகாப்பான இத்தரை, நீர் பட்டவுடன் வழுக்கும். மழைக்காலத்தில் பின்கட்டில் பாசி படரும்.

இரண்டாம் வகை, பழைய வீடுகளை இடித்துக் கட்டப்பெற்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கு நிலைப்படிகள் குறைவு, மின்தூக்கியும் உண்டு. ஆயினும் பளபளக்கும் ஓடு பதித்த தரையும், இடவசதி குறைந்த குளியலறையும், அதன் வாயிலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு தாழ்வும் புதிய இடர்களாகின்றன.

மூன்றாம் வகை, அருகிலுள்ள ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் நெருங்கியமைந்த சிறு வீடுகள். தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. செங்குத்தான குறுகிய படிகளும், நடைவழியில் வைக்கப்படும் தண்ணீர்க் குடங்களும், பகலிலும் விளக்கு வேண்டும் அறைகளும் இங்குள்ள குறைகள். சொந்த வீடு இல்லாதவர் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துவதற்கும் வீட்டுக்காரரின் இசைவைப் பெறவேண்டியுள்ளது.

ஆகவே ஒரே பட்டியலை எல்லா வீட்டுக்கும் பொருத்துவது பயன் தராது. அந்தந்த வீட்டில், அந்தந்த முதியவர் காலை முதல் இரவுவரை நடக்கும் வழியைப் பின்தொடர்ந்து ஆராய்வதே சரியான முறை.

இடந்தோறும் செய்யத்தக்கவை

*குளியலறையும் கழிவறையும்.* முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. குந்தி அமரும் கழிவறையிலிருந்து எழுவதற்குத் தொடைத்தசையின் முழு வலிமையும் தேவை. இயலுமிடத்து உயர இருக்கை அமைத்தல் நலம். இருக்கையின் பக்கத்திலும் குளிக்குமிடத்திலும் கைப்பிடிகள் வேண்டும். கைப்பிடியின் குறுக்களவு 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருப்பின் விரல்கள் இறுகப் பற்றும். சுவரிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இடைவெளியும் வேண்டும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாகக் கொள்ளலாகாது. உடலின் எடையை அது தாங்காது. பழைய வீடுகளில் மேற்பூச்சில் மட்டும் திருகாணி பதித்தால் பெயர்ந்துவிடும். ஆதலின் உட்சுவரின் உறுதியைக் கொத்தனாரைக் கொண்டு அறிந்த பின்னரே பொருத்த வேண்டும்.

நின்று குளிப்பதைவிட, நான்கு கால்களிலும் ரப்பர் பொருத்திய உறுதியான முக்காலி அல்லது நாற்காலியில் அமர்ந்து குளிப்பது பாதுகாப்பானது. எண்ணெய்க் குளியல் நாளில் இடர் இருமடங்காகும். எண்ணெய் தேய்த்த பாதங்களோடு ஈரத் தரையில் நடப்பதைத் தவிர்த்து, எண்ணெயைக் குளியலறையிலேயே அமர்ந்து தேய்த்துக்கொண்டு, குளித்தபின் தரையைச் சீயக்காயோ சோப்போ இட்டுக் கழுவிவிட வேண்டும். கதவு வெளிப்புறம் திறப்பதாகவும், தாழ்ப்பாள் வெளியிலிருந்து நீக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

*படிகளும் நிலைப்படியும்.* 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டரை மிஞ்சாமலும், மிதிபரப்பு 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் எனக் கூறுகிறது. மாடிக்குச் செல்லும் பழைய படிகள் பல இவ்வளவுக்குள் அடங்குவதில்லை. படியை இடித்துக் கட்ட இயலாவிடினும், இருபுறமும் கைப்பிடி அமைப்பதும், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மாறுபட்ட நிறத்தில் பட்டை தீட்டுவதும் இயலும்.

சாய்தளம் அமைப்போர் 1க்கு 12 என்னும் விகிதத்தை நினைவிற்கொள்ள வேண்டும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 1.2 மீட்டர் நீளச் சாய்தளம் போதும். ஆனால் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று வாயிற்படிகளுக்கு 5.4 மீட்டர் தேவைப்படும். இடமின்மையால் இதனைக் குறுக்கிச் செங்குத்தாக அமைக்கும் சாய்தளம் படியைவிடத் தீங்கானது. அத்தகைய இடத்தில் படிகளை வைத்துக்கொண்டு கைப்பிடி அமைத்தலே அறிவுடைமை.

நிலைப்படியை நீக்கப் பல குடும்பங்கள் இசைவதில்லை, அது வழிபாட்டுக்குரியது. நீக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் இட்ட நிலைப்படி, சிவந்த தரையிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தோன்றும். தடுக்காமல் கடப்பதற்குக் கண்ணுக்குத் தேவையான நிறவேறுபாடும் இதுவே. மஞ்சள் மங்காமல் பார்த்துக்கொள்வதும், நிலையின் பக்கவாட்டில் பற்றுவதற்கு ஒரு பிடி அமைப்பதும், அவ்விடத்தில் கால்மிதி போடாதிருப்பதும் போதுமானவை. வைகறையில் நீர் தெளித்துக் கோலமிடும் மூதாட்டி, விடிந்து ஒளி வந்தபின் அதனைச் செய்வதும், பிடிப்புள்ள செருப்பு அணிவதும் நன்று.

*படுக்கையறையும் இரவு நடையும்.* இரவில் கழிவறைக்கு எழும் நேரம் இடர் மிகுந்தது. கட்டிலின் உயரம், அமரும்போது பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் பதியும் அளவினதாக இருத்தல் வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல், விளிம்பில் சிறிது நேரம் அமர்ந்து, பின் எழுந்து நின்று, அதன்பின் நடக்கப் பழகவேண்டும். படுக்கையிலிருந்து கழிவறை வரையிலான வழியில் சிறு இரவு விளக்குகள் எரிதலும், கை எட்டும் இடத்தில் டார்ச்சு விளக்கு இருத்தலும் தேவை. மின்தடையை எண்ணின் இதன் அவசியம் விளங்கும். தரையில் சுருளும் பாய், ஓரம் மடங்கிய சாக்கு, நடைவழியில் குறுக்கிடும் மின்கம்பி, அடுக்கிய செய்தித்தாள் ஆகியவற்றை அகற்றுவதற்குச் செலவே இல்லை.

*சமையலறையும் பரணும்.* நாள்தோறும் வேண்டும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைக்க வேண்டும். பண்டிகைக்குப் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரம் எடுக்கவும், வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டவும் முதியவர் ஸ்டூலின் மேல் ஏறுவதை அறவே தவிர்த்தல் வேண்டும். சிந்திய நீரையும் எண்ணெயையும் அக்கணமே துடைப்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் வழக்கமாகக் கொள்ள வேண்டும். தளர்ந்த ரப்பர் செருப்பும், தரையில் புரளும் புடவை, வேட்டி ஓரமும் காலைத் தடுக்குபவையே.

இல்லத்தைத் திருத்துவதன் பயன்

இத்திருத்தங்களால் உண்மையில் பயன் உண்டா என்னும் வினா எழுவது இயல்பு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டுக் காக்ரேன் அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இல்லத்திலுள்ள இடர்களை ஆராய்ந்து நீக்கும் முயற்சிகள் விழும் எண்ணிக்கையை 26 சதவீதம் குறைத்தன. முன்னரே விழுந்தவர் போன்ற கூடுதல் இடருடையோரிடையே இக்குறைவு 38 சதவீதம். ஆகவே, குறைந்த நிதியைக் கொண்டு தொடங்குவோர், அண்மையில் ஒருமுறை விழுந்தவர்களின் இல்லங்களிலிருந்து தொடங்குவதே முறை.

வீட்டைத் திருத்துவதோடு உடலையும் பேண வேண்டும். சமநிலையையும் கால் தசைகளையும் வலுவாக்கும் உடற்பயிற்சிகள் விழுதலை 23 சதவீதம் குறைப்பதாக 2019ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு கூறுகிறது. சாங்கி ஏரிக்கரையில் காலை நடை பழகுவது நன்றே. ஆயினும் நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரருகே நின்று ஒருகாலில் சமநிலை பழகுதல் ஆகியவற்றையும் மருத்துவரின் ஆலோசனையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்புரையை உரிய காலத்தில் நீக்குவதும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டித் தேவையற்றவற்றை அவரது அறிவுரைப்படி குறைப்பதும் இதன்பாற்படும்.

முதியவரின் இசைவு

திட்டங்கள் பெரும்பாலும் தடைப்படுவது இங்கேதான். ‘எனக்கு என்ன வந்துவிட்டது?’ என்று கைப்பிடியை மறுக்கும் தந்தையரும், விழுந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னால் தம்மைத் தனித்து வாழ விடமாட்டார்களோ என அஞ்சி மறைக்கும் தாயரும் பலர். அவர்களது அச்சம் பொருளற்றதன்று. தம் வீடும், அதில் தாம் விரும்பியவாறு நடமாடும் உரிமையும் அவர்களுக்கு எஞ்சியுள்ள பெரும் செல்வங்கள். எனவே வீட்டை மருத்துவமனையாக்குவதற்கன்றி, இவ்வீட்டிலேயே நெடுநாள் வாழ்வதற்காகவே இத்திருத்தம் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். எங்கே கைப்பிடி வேண்டும், எப்பொருள் எங்கே இருக்கவேண்டும் என்பதை அவர்களையே கேட்டு முடிவு செய்தல் வேண்டும். கேளாமல் நாற்காலியை இடம் மாற்றுவதுகூட, இருட்டில் பழக்கத்தால் நடப்பவரைத் தடுக்கி வீழ்த்தும்.

விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமும் ஒரு நோயே. அஞ்சி நடமாட்டத்தைக் குறைப்பவரின் தசைகள் மேலும் தளர்கின்றன. அதனால் விழும் வாய்ப்பு மேலும் மிகுகிறது. ‘நடக்காதே, உட்கார்ந்திரு’ என்னும் அன்பான கட்டளை முடிவில் தீமையே செய்யும்.

விழுந்தபின் செய்ய வேண்டியவை

விழுந்தவரை உடனே பிடித்துத் தூக்குதல் கூடாது. வலி, வீக்கம், காலின் நீளத்தில் வேறுபாடு, தலையில் அடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இடுப்பில் கடும் வலி இருப்பினும், நினைவு தடுமாறினும் அசைக்காமல் 108 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் சிறு அடிபடினும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் கட்டாயம். தனித்து வாழ்பவர் கைப்பேசியைக் கழுத்திலோ பையிலோ எப்போதும் வைத்திருத்தலும், நாள்தோறும் குறித்த நேரத்தில் அண்டை வீட்டார் ஒருவர் நலம் விசாரித்தலும், நெடுநேரம் உதவியின்றிக் கிடக்கும் துன்பத்தைத் தவிர்க்கும். முதியோர்க்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 14567 ஆகும்.

அரசு நிருவாகத்தின் பங்கு

1999ஆம் ஆண்டின் முதியோருக்கான தேசியக் கொள்கை, குடியிருப்புகள் நடமாட்டத்துக்குத் தடையற்றனவாக அமைய வேண்டும் என்பதை ஏற்கெனவே வலியுறுத்தியது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம், எளிய வருவாயுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், கண்ணாடி முதலிய துணைக்கருவிகளை வழங்க வகை செய்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு விரிவுபடுத்தப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் காப்பீட்டின் நோக்கம் மருத்துவமனைச் சிகிச்சையாதலின், எலும்பு முறிந்தபின் உதவும் அத்திட்டத்தின் வரம்புக்குள், முறியாமல் காக்கும் கைப்பிடி வருவதில்லை.

பிற நாடுகளின் பட்டறிவு இங்கு நோக்கத்தக்கது. ஜப்பான் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், கைப்பிடி அமைத்தல், தரையின் ஏற்றத்தாழ்வை நீக்குதல் ஆகியவற்றுக்கு 2 லட்சம் யென் வரையிலான செலவு ஏற்கப்படுகிறது. சிங்கப்பூரின் வீட்டுவசதிக் கழகம் 2012ஆம் ஆண்டு முதல், அடுக்குமாடி வீடுகளில் கைப்பிடி பொருத்துதல், குளியலறைத் தரையை வழுக்காமல் செய்தல், சாய்தளம் அமைத்தல் ஆகியவற்றைப் பெரும் மானியத்தோடு செய்து தருகிறது.

நம் நாட்டில் பெருஞ்செலவின்றித் தொடங்கத்தக்கவை நான்கு. முதலாவது, வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளர், முதியோர் உள்ள இல்லங்களில் பத்து வினாக்கள் கொண்ட எளிய ஆய்வை மேற்கொள்ளல். இரண்டாவது, மல்லேஸ்வரம் கே.சி. பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் முதியவர் எலும்பு முறிவோடு வரும்போது, அவர் விழுந்த இடத்தையும் காரணத்தையும் பதிவு செய்தல். மூன்றாவது, கொத்தனார், குழாய்ப்பணியாளர், மின்பணியாளர் ஆகியோருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இப்பணியைக் கற்பித்தல். நான்காவது, புதிய கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போது குறைந்தது ஒரு குளியலறையேனும் கைப்பிடி தாங்கும் சுவரும் வழுக்காத தரையும் உடையதாக இருக்கச் செய்தல். வாடகை வீட்டில் வாழ்வோர் இத்திருத்தங்களைத் தடையின்றிச் செய்துகொள்ளவும் வழி காணவேண்டும்.

பிளேக் நோய்க்குப்பின் எழுந்த ஒரு பகுதி, வாழிடத்தின் அமைப்பு மக்களின் நலத்தைக் காக்கும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. அன்று தேவைப்பட்டவை காற்றும் ஒளியும் அகன்ற தெருவும். இன்று தேவைப்படுபவை ஒரு கைப்பிடி, ஓர் இரவு விளக்கு, வழுக்காத ஒரு தரை. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவரும் அலுவலரும், தம் இல்லத்து முதியவர் இரவில் நடக்கும் வழியை அவரோடு ஒருமுறை நடந்து பார்ப்பாராயின், தொடங்க வேண்டிய பணி எதுவென்பது அவ்வழியிலேயே தெரிந்துவிடும்.